மெடலைத் திருப்பிய கை

"அப்பா...!"

கிரேசியின் அலறல் தெருமுனை வரை கேட்டது.

மாடிப்படியின் கீழே கோட் சூட்டோடு கிடந்தார் ஞானையா. பின்மண்டையில் ரத்தம். அறுப்பின் பண்டிகை ஆராதனைக்குக் கிளம்பியவர்... ஒரேயடியாகக் கிளம்பிவிட்டார்!

துறைமுகத்திலிருந்து ஓடி வந்தான் மருமகன் பிரைட்டன். சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசர். லீவில் வந்தவன். முகத்தில் வேர்வை.

'நான் தள்ளலியே... இழுத்தேன், அவ்வளவுதானே...' அந்த நினைப்பு அவனை அரித்தது.

"காலைல மாமாவைப் பாத்தீங்களா சார்?" இன்ஸ்பெக்டர் சரண்யாதேவி கேட்டார்.

"இல்ல மேடம். விடிஞ்சதுமே ஹார்பருக்குப் போயிட்டேன். கால் வழுக்கியிருக்கும் போல..."

"இருக்கும்." ஞானையாவின் நெஞ்சைக் காட்டினார். "இது என்ன மெடல்?"

கிரேசி விசும்பினாள்.

"அப்பாவோட தாத்தா மொத உலகப்போர்ல சரக்குக் கப்பல் ஆபீசர். அதுக்குக் குடுத்தது. ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் ராஜா தலை. 'ராஜா நமக்கு மாமனா மச்சானா?'ன்னு அப்பா கப்பலத்தான் வெளிய காட்டுவாங்க. இன்னைக்கும் நான்தான் அப்படிக் குத்திவிட்டுட்டு கோயிலுக்குப் போனேன்... ஐயோ, இப்ப ராஜா தலைல்லா தெரியுது!"



சரண்யாதேவி கையுறை மாட்டி மெடலைக் கழற்றினார். கான்ஸ்டபிள் சுடலைக்கண்ணனின் சட்டையில், கப்பல் தெரிய வைத்துப் பிடித்தார்.

"இப்படித்தானே குத்துனீங்க?"

"ஆமா."

மெடல் தொங்கும் ரிப்பனில் சிவப்பு, சுடலைக்கண்ணனுக்கு வலப்பக்கம். பச்சை இடப்பக்கம்.

பிரைட்டனின் கை தானாக நீண்டது... மெடலைத் திருப்பியது! நிறங்கள் இடம் மாறின.

"பச்சை வலது... சிவப்பு இடது... கப்பல் லைட் அப்படித்தான்..."

முணுமுணுத்தவன் உறைந்து போனான். காலையிலும் இதே கைதான். பிய்ந்து வந்த மெடலை, அத்தனை பதற்றத்திலும் மாமா நெஞ்சில் 'சரியாக'த் திருப்பிக் குத்தியது.

அவனே உடைந்தான்.

"மெடலக் கேட்டேன் மேடம். 'யாருக்குன்னு ஆராதனைல சொல்லுதேன், பொறுங்க மாப்ள'ன்னு சிரிச்சாங்க. அவங்க மகன் ரெக்சனுக்குத்தான் குடுப்பாங்கன்னு நெனச்சி... பிடிச்சி இழுத்துட்டேன். கையோட வந்துட்டு. மாமா உருண்டுட்டாங்க. பாவி நான்... விட்டுட்டு ஓடிட்டேன்!"

கிரேசி அவனை வெறித்தாள்.

"ஏங்க... அத ஒங்களுக்குத்தான், சபை முன்னால குத்திவிடணும்னு இருந்தாங்க! ஒங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க..."

பிரைட்டன் படியில் உட்கார்ந்து தலையிலடித்துக் கொண்டு அழுதான்.

சுடலைக்கண்ணன் விலங்கை எடுத்தார்.

"எந்தக் கையில மொதல்ல மாட்ட, மேடம்?"

"மெடலைத் திருப்புன கைய விட்டுருங்க! இந்த ஆளுகிட்ட உண்மை பேசுனது அது ஒண்ணுதான்!"