மூன்றாவது மூச்சு

அறையில் மூன்று பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மதியத் தூக்கம் பாதியில் கலைந்தபோது சிஸ்டரம்மாவின் காதில் முதலில் விழுந்தது அதுதான். வெளியே வெயில் கொளுத்தியது. ஜன்னல் ஷட்டர் முழுக்க இறங்கியிருந்ததால் உள்ளே தன் கையைத் தானே பார்க்க முடியாத இருட்டு. பழைய மரத்தின் வாசனை, எப்போதோ துவைத்து மடித்து மறந்துபோன போர்வையின் வாசனை. பக்கத்தில் கணவர் மூச்சு விட்டார்: இழுக்கும்போது தொண்டையில் ‘க்’ என்று ஒரு தடுக்கல், விடும்போது மெல்லிய விசில், கடைசியில் ஒரு நறநறப்பு. அடுத்து அவளுடைய மூச்சு. அதற்கும் அடுத்து கால்மாட்டில், சுவர் அலமாரிப் பக்கம், இன்னொன்று. ஆழமான, நிதானமான, நோய்நொடி அறியாத மூச்சு.

வேறு யாராவது என்றால் வீடே இடிந்துவிழும்படி அலறியிருப்பார்கள். சிஸ்டரம்மா படித்து முடித்த கையோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, தலைமை நர்ஸாக ஓய்வு பெறும்வரை பாதி வாழ்க்கையை இருட்டு வார்டுகளில் கழித்தவள். யார் தூங்குகிறார், யார் வலியோடு விழித்திருக்கிறார், யார் தூங்குவதுபோல நடிக்கிறார் என்று விளக்கைப் போடாமல் மூச்சை வைத்தே சொல்லிவிடுவாள். அரைத் தூக்கத்தில் அவளுக்கு அது வாடகை வீடாகத் தெரியவில்லை, வார்டாகத்தான் தெரிந்தது. கட்டில் கட்டிலாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டிப்போனதைச் சொன்னாள்.

“தூங்குங்க. நான் இங்கதான் இருக்கேன். விட்டுட்டுப் போக மாட்டேன்.”

அலமாரிப் பக்கத்து மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு நிம்மதியாகத் தொடர்ந்தது. அவளும் தூங்கிப்போனாள்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது கணவரிடம் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்து, சிரிப்பு இருமலாகி, மூச்சு மருந்து பஃப்பை வாயில் வைத்து அடித்துக்கொண்ட பிறகுதான் பேச முடிந்தது.

“ரிட்டயர் ஆகியும் டியூட்டி விடலையா சிஸ்டர்? அந்த பேஷண்டுக்கு ஊசி போட்டியா இல்லையா?”

கட்டின பெண்டாட்டியை சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஒரே மனுஷர் அவராகத்தான் இருக்கும். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டும் அவர் மாறவில்லை. சிமெண்ட் ஆலையில் ஃபோர்மேனாக இருந்தவர். ஆலைத் தூசு நெஞ்சில் இறங்கி, இரண்டு நுரையீரலும் தழும்பு கட்டிப்போய்விட்டன. ஊர் வெயிலும் புழுதியும் இந்த வருஷம் தாங்காது என்று டாக்டர் கை விரித்தபோது, வெளிநாட்டில் இருந்த மகள்தான் அங்கிருந்தபடியே வேறொரு நாட்டில், கடற்கரையோரமாக இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தாள். கோடை முழுக்க இங்கே இருங்கள், நல்ல காற்று என்றாள். தெரு முழுவதும் இப்படித்தான், கோடைக்கு மட்டும் வந்து தங்கும் ஓய்வு பெற்ற ஜோடிகள். சூரியனுக்கு வீட்டுக்குப் போகவே மனசு வராத ஊர். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, படுக்கப் போனாலும் வெளியே பட்டப்பகல்போல வெளிச்சம் நிற்கும்.

வீட்டுக்காரம்மா ஒரு மெலிந்த கிழவி. அவள் பேசுவது இவர்களுக்குப் புரியாது, இவர்கள் பேசுவது அவளுக்குப் புரியாது. கைபேசியை நடுவில் வைத்து அது மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். சாவியைக் கொடுத்த அன்று அவள் வற்புறுத்திச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு இரண்டு பேரும் படுத்துத் தூங்க வேண்டும், இந்த வீட்டில் மதியத் தூக்கம் மருந்து மாதிரி.

மருந்து மாதிரித்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. நாள் போகப் போக ஃபோர்மேனுக்கு இருமல் குறைந்தது. பக்கத்துக் கடைக்குப் போய் வரவே வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து போனவர், கடற்கரைச் சரிவில் விறுவிறுவென்று ஏறினார். பஃப் மேஜைமேலேயே கிடந்தது. மகள் வீடியோவில் பார்த்துவிட்டுக் கண் கலங்கினாள்.

“அப்பா குரல் எவ்வளவு தெளிவா இருக்கு! அம்மா, நீ என்னம்மா பண்ணே?”

“நான் எங்க பண்ணேன்? காத்துதான்” என்று சிஸ்டரம்மா சிரித்தாள். ஆனால் தழும்பு கட்டின நுரையீரல் மோசமாகாமல் நின்றாலே பெரிய காரியம், ஆறாது. இது அவளுக்குப் பாடமாகவே தெரியும். தெரிந்தும், நன்றாக இருக்கும் மனுஷரைப் பார்த்து ஏன் நன்றாக இருக்கிறாய் என்று எந்தப் பெண்டாட்டி கேட்பாள்?

மதியங்களில் மட்டும் அவள் தூக்கம் கெட்டுக்கொண்டிருந்தது. அலமாரிப் பக்கத்து மூச்சு தினமும் வந்தது. கடல் சத்தம் என்று ஒரு நாள் சமாதானம் சொல்லிக்கொண்டாள், தண்ணீர்க் குழாய் என்று ஒரு நாள். ஆனால் அந்த மூச்சு மாறிக்கொண்டே வந்தது. முதலில் நிதானம் போனது. அப்புறம் ஆழம் போனது. ஒரு மதியம், விடும்போது மெல்லிய விசில் கேட்டது.

அடுத்த நாள், இழுக்கும்போது தொண்டையில் ஒரு தடுக்கல். க்.

சிஸ்டரம்மா கண்ணைத் திறந்தாள். அந்தத் தடுக்கலைக் கேட்டுக்கொண்டேதான் எத்தனையோ ராத்திரி தூங்கியிருக்கிறாள். அது நின்றால் திடுக்கிட்டு விழித்திருக்கிறாள். இருட்டில் மெதுவாகத் திரும்பி, பக்கத்தில் படுத்திருந்தவரின் மார்பில் காதை வைத்தாள். உள்ளே விசில் இல்லை, நறநறப்பு இல்லை. பிள்ளைகளின் நெஞ்சுபோலச் சுத்தமாக இருந்தது. காற்று போனது, வந்தது. போனது, வந்தது. ஒரே அளவு, ஒரே தாளம். நிஜமாகத் தூங்குகிறவர்களுக்கு அப்படி வராது. நடுவில் ஒன்று நீளும், ஒன்று குறையும்.

இது நடிப்பு. காதை எடுக்காமல் அப்படியே உறைந்து கிடந்தாள். ஐயோ, இது அவர் இல்லை, அவர் அங்கே இருக்கிறார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் ஃபோர்மேன் நடக்கப் போனதும் வீட்டுக்காரம்மாவை வரவழைத்தாள். அலமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கைபேசியில் கேட்டாள். கிழவி அலமாரியைப் பார்க்கவே இல்லை. ‘சுவர்’ என்று கைபேசி சொன்னது. ‘அதற்கு அந்தப் பக்கம் வெளி’ என்றது. உண்மைதான். சிஸ்டரம்மா சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டாள். படுக்கையறையின் கடைசிச் சுவர் அது; அந்தப் பக்கம் புல்லும் சரிவும் காற்றும்தான்.

அந்த நேரத்தில் ஃபோர்மேன் திரும்பி வந்தார். கிழவி எழுந்துகொண்டாள். அவர் முகத்தையே பார்த்தாள், வெகுநேரம். பிறகு அவர் கன்னத்தைத் தொட்டு, தன் மொழியில் ஏதோ சொன்னாள். அவர் பதில் சொன்னார், அவள் மொழியிலேயே. கைபேசி மேஜைமேல் கிடந்தது. தொலைந்துபோனவர் திரும்பக் கிடைத்ததுபோலக் கிழவி அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். போகும்போது சிஸ்டரம்மாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுமில்ல சிஸ்டர். வீடு வசதியா இருக்கான்னு கேட்டாங்க.”

“உங்களுக்கு எப்படி அவங்க பாஷை?”

“கோடை முழுக்க காதுல விழுதே, பழகாதா?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எத்தனை சிரித்தாலும் இருமல் வரவில்லை.

அவர் குளிக்கப் போன நேரத்தில், தண்ணீர் விழும் சத்தத்தைக் காவலுக்கு வைத்துக்கொண்டு, அலமாரிக்குள் நுழைந்தாள். துணிகளை ஒதுக்கினாள். பின்பலகையைக் கரண்டிக் காம்பால் நெம்பினாள். உள்ளே பூச்சுச் சுவர். முழங்கால் உயரத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல். கன்னத்தை வைத்தாள். வெதுவெதுப்பான காற்று பட்டது. ஈரக் காற்று. அதில் அவர் ஊரிலிருந்து கொண்டுவந்து ராத்திரி நெஞ்சில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாசனை.

“என்னங்க?” என்றாள். குரல் எழும்பவே இல்லை. “என்னங்க, நீங்களா?”

இளைப்பு வேகமானது. க். விசில். க். விசில். பேச வந்து, பேச்சுக்குக் காற்று போதாமல் தவிக்கும்போது அவருக்கு அப்படித்தான் ஆகும். பஃப்பை எடுத்து வந்து விரிசலில் வைத்து அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். சுவருக்குள் அந்த இளைப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. சிஸ்டரம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வீட்டைவிட்டு நகர முடியவில்லை. அவர் குளிக்கும்போது ஒரு தடவை, கடைக்குப் போகும்போது ஒரு தடவை விரிசலில் பஃப்பை அழுத்தினாள். கடற்கரைக்கு வா என்றால் முழங்கால் வலி என்றாள். மகளிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தால், கைபேசித் திரைக்கு முன்னால் இவளுக்குப் பக்கத்திலேயே அவர் உட்கார்ந்து பேத்திக்கு முகத்தைக் கோணிக் காட்டிக்கொண்டிருப்பார். என்ன சொல்வாள்? உன் அப்பா சுவருக்குள் இருக்கிறார், இங்கே நல்ல உடம்போடு உட்கார்ந்திருப்பது யாரென்று தெரியவில்லை என்றா? அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்பார்கள். சுவரை உடைக்கலாமென்று ஒரு நாள் சுத்தியலைத் தேடினாள். தேடிக்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். வந்த சத்தமே கேட்கவில்லை.

“என்ன தேடுற சிஸ்டர்?”

“ஒண்ணுமில்லங்க.”

“அலமாரிய அடிக்கடி திறக்காத. பழைய வீடு, தூசு வரும். உனக்கும் நெஞ்சு கட்டிக்கப் போகுது.”

கரிசனமாகத்தான் சொன்னார். அவள் தோளை மெல்லத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

பஃப் தீர்ந்துகொண்டே வந்தது. குலுக்கினால் முன்புபோலக் கனம் இல்லை. இன்னொன்று வாங்க வேண்டுமென்றால் டாக்டரிடம் அவரைக் காட்ட வேண்டும், அவருக்குத்தான் எந்த நோயும் இல்லையே. ஒரு நாள் அழுத்தினால் காற்று மட்டும் வந்தது. அன்றைக்கே அவர் கைபேசியை நீட்டிக் காட்டினார்.

“டிக்கெட் போட்டாச்சு. நாளைக்கு சாயங்காலம் கிளம்புறோம். நம்ம வீட்டப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!”

எந்த வீடு நம்ம வீடு என்று நினைத்தாள். போனால், சுவருக்குள் அவர் ஒண்டியாக இளைத்து இளைத்துச் சாவார். போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பாஸ்போர்ட் இரண்டும் அவர் பையில். வாசல் சாவி அவர் பாக்கெட்டில்.

மறுநாள் பெட்டிகள் கூடத்தில் வரிசையாக நின்றன. டாக்ஸி வெயில் தாழத்தான் வரும்.

“கொஞ்சம் படுத்துட்டுப் போகலாம் வா” என்றார்.

“எனக்குத் தூக்கம் வரலைங்க.”

“வரும். வா.”

அவள் கையைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிப்போனார். பிடி இறுக்கமாக இல்லை. விடவும் இல்லை. சுவிட்சை அழுத்தினார். ஷட்டர் கரகரவென்று இறங்க ஆரம்பித்தது. தரையில் கிடந்த வெளிச்சம் பட்டையாகி, கோடாகி, நூலாகி, போனது.

இருட்டு.

படுத்தாள். பக்கத்தில் அந்தச் சுத்தமான மூச்சு. கால்மாட்டில் இளைப்பு. க். விசில். நெடுநேரம் ஒன்றுமில்லை. க். விசில். நடுவே வந்த அந்த இடைவெளி எதற்கென்று அவளுக்குத் தெரியும். வார்டில் அந்த இடைவெளி வந்தால் ஓடிப்போய் உறவுக்காரர்களை எழுப்புவாள்.

“என்னங்க” என்றாள், சுவரைப் பார்த்து. இனி மறைத்து என்ன? “என்னங்க, நான் போகலைங்க. கேக்குதா?”

க்.

விசில் வரவில்லை.

காத்திருந்தாள். வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். சுவர் வெறும் சுவராகிவிட்டது. போய்விட்டார். அவள் மனுஷர் போய்விட்டார், கையைப் பிடித்துக்கொள்ளக்கூட ஆளில்லாமல்.

அப்போதுதான் உறைத்தது. பக்கத்திலும் சத்தம் இல்லை.

மெத்தை அவள் பக்கமாகத் தாழ்ந்தது. மார்பின்மேல் ஏதோ மெதுவாக வந்து படிந்தது. கன்னம். காது. வெதுவெதுப்பாக இருந்தது. அசையாமல் கேட்டது.

அறையில் இப்போது ஒரே ஒரு மூச்சுதான். அவளுடையது. பயந்த, சின்னச் சின்ன, மூக்கு லேசாக அடைத்த மூச்சு. அதைக் கேட்கவிடக் கூடாது. எதுவும் கொடுக்கக் கூடாது.

சிஸ்டரம்மா மூச்சை அடக்கிக்கொண்டாள். உதட்டை இறுக்கினாள். நெஞ்சை அசையாமல் பிடித்தாள்.

ஆனாலும், மார்பின்மேல் படிந்திருந்த முகத்திலிருந்து, அவளுடைய மூச்சு நிற்காமல் கேட்டது.