மாப்பிள்ளையின் இடது கால்

லுசுங்கு மூச்சிரைக்க வந்து நின்றபோது, சுகாதார நிலையத்து டாக்டர் சவுலா தேநீரில் மூன்றாவது கரண்டி சர்க்கரையைப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கான்ஸ்டபிள் எஸ்னாத்தும் வந்தாள். புகார்க் கடுதாசி அவள் சட்டைப்பையில் இருந்தது. பதினோரு வருஷ வேலையில் முதல் விஷ வழக்கு. மனசு துள்ளத்தான் செய்தது.

"டாக்டர், எங்கம்மா விஷம் வச்சிட்டாங்கன்னு சொல்றாங்க. நாளைக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. கல்யாணமும் போச்சு, எங்கம்மா பேரும் போச்சு!"

லுசுங்குவைக் கட்டிக்கொள்ளப்போகும் வோங்கானி, கல்யாணத்துக்கு முந்தைய வழக்கப்படி மாமியார் நியாகோண்ட்வே வீட்டுக்கு வேலை செய்து காட்ட வந்திருந்தான். இரண்டு நாள் அவளுக்கு எதிரே இருந்து, பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து வேர்க்கடலையை ஆய்ந்து குவித்தான். நேற்றுச் சாயங்காலம் அவள் கொடுத்த சோளக்கூழை ஒரு செம்பு குடித்தான். இன்று காலை இடது பாதம் எழும்ப மறுத்துவிட்டது. கூழில் விஷம் கலந்துவிட்டாள் என்று அவன் தாய்மாமன் யோத்தாம் ஊரைக் கூட்டி, புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"கூழ்ப்பானையை யாராவது கவிழ்த்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார் சவுலா.

"இல்ல, அப்படியே இருக்கு."

"சரி, கிளம்புவோம்."

முற்றத்தில் வோங்கானி கோலை ஊன்றிக்கொண்டு நடந்து வந்தான். இடது காலை முழங்கால் உயர உயரத் தூக்கிவைத்தும் பாதத்தின் முன்பக்கம் தரையில் பட்டென்று விழுந்தது. இடது செருப்பின் நுனியில் செம்மண் அப்பியிருந்தது. வலது செருப்பு சுத்தம். ஆனால் கால்சட்டையின் வலது முட்டியில் மட்டும் வட்டமாகச் செம்மண் கறை. எஸ்னாத் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதினாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

நியாகோண்ட்வே வெளியே வந்தாள். அவன் சட்டென்று வலது முட்டியை மண்ணில் ஊன்றி, இடது காலைக் குந்த மடக்கி, தலை குனிந்துகொண்டான். அவள் உள்ளே போன பிறகுதான் பாயில் காலை நீட்டினான்.

சவுலா அவன் முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது. "பாதத்தால என் கையக் கீழ அழுத்து." நன்றாகவே அழுத்தினான். "மேல தூக்கு." அசையவில்லை. கோழி இறகால் உள்ளங்காலைத் தொட்டபோது சிரித்தான். புறங்காலைத் தொட்டபோது, "இன்னும் தொடலியா டாக்டர்?" என்றான்.

எஸ்னாத்துக்குப் பொறுக்கவில்லை. "விஷம் காலு நரம்புல இறங்கிருச்சு, அதானே சார்?"

"எல்லாரையும் கூப்பிடு, சொல்றேன்."

யோத்தாமும் ஊராரும் கூடினார்கள்; நியாகோண்ட்வே கதவுக்கு உள்ளே நின்றே கேட்டாள். "வயித்துல போன விஷம் ரத்தத்தோட உடம்பெல்லாம் சுத்தும்மா," என்றார் சவுலா. "அதுக்கு இடது வலது தெரியாது. ஒரே பாதத்துல உள்ளங்கால விட்டுட்டுப் புறங்கால மட்டும் புடிக்கவும் தெரியாது."

"அப்ப மூளையில அடைப்பா?" என்றாள் எஸ்னாத்.

"முகமும் கையும் நல்லாருக்கு. முட்டியத் தட்டுனதும் சேதி முதுகுத்தண்டு வரைக்கும் போய், அங்கேயே பதில் வாங்கிட்டுத் திரும்பிருச்சு. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள! அங்க எல்லாரும் ஒழுங்கா வேலை பாக்கறாங்க. கோளாறு கீழதான்."

அவர் குரல் கனிந்தது. "இந்தப் பெருவிரலைத் தூக்கற சேதியக் கொண்டு வர்ற இழை இடுப்புலேர்ந்து முட்டிக்குக் கீழ இருக்கற தசை வரைக்கும் அறுபடாம ஒரே இழையா வருது. முடியை விட மெலிசு, ஆனா உங்க கை நீளத்துக்கும் மேல! நாம அதை நினைக்கறதே இல்ல, அது ஒரு நாள் லீவு போடறதும் இல்ல. முட்டிக்குப் பின்னால நரம்பு ரெண்டாப் பிரியுது. ஒண்ணு உள்ளங்காலுக்குப் போவுது. பாதத்தைக் கீழ அழுத்தறது அதான். இன்னொண்ணு முட்டிக்கு வெளிப்பக்கம் எலும்பைச் சுத்தி, தோலுக்கு அடியிலயே வருது. மறைப்பே கிடையாது."

அந்த இடத்தை விரலால் சுண்டினார். வோங்கானி துள்ளினான். "ஐயோ! பாதம் வரைக்கும் எறும்பு ஓடுது!"

எஸ்னாத் அசந்துபோனாள். அவள் காலுக்குள்ளும் இப்படியொரு அதிசயம் இத்தனை வருஷம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வழக்கு கைநழுவியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. சட்டென்று குறிப்பேட்டைப் புரட்டினாள். "வலது முட்டியில மண்ணு! அதை ஊன்றிக்கிட்டு இடது காலைக் குந்த மடக்கியிருக்காரு. ரெண்டு நாளும் உக்காரவே இல்லியா?"

வோங்கானி தரையைப் பார்த்தான். "மாமியார் எதிர்ல எப்படி உக்கார்றது? நேத்து மத்தியானமே மரத்துப்போச்சு. சொன்னா சோம்பேறின்னு நினைப்பாங்க."

"மரியாதை அந்த நரம்பை நசுக்கிருச்சு," என்றார் சவுலா. "பாதத்தை நிமித்திக் கட்டிவிடறேன். இனிமே குந்தாம இருந்தா சில வாரத்துலயோ சில மாசத்துலயோ திரும்பிரும்."

எஸ்னாத் புகாரை யோத்தாமின் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்தார்.

நியாகோண்ட்வே உள்ளேயிருந்து மீதிக் கூழைச் செம்பில் மொண்டுவந்து யோத்தாமிடம் நீட்டினாள். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு அவள் தன் முக்காலியைத் தூக்கிவந்து வோங்கானி முன்னால் வைத்தாள்.

"உக்காருங்க மருமகனே. இன்னும் பாதிக் கடலை கிடக்கு."

அவன் அவளுக்கு எதிரே, முதன்முதலாக, உட்கார்ந்தான்.