இடப்பக்கத்துப் பிரேக்

திருவேற்காட்டில் ஷேர் ஆட்டோவை விட்டு ரேணுகா இறங்கியபோது இன்னும் விடியவில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம் போக, அவள் எதிர்ப்பக்கம் நடந்தாள். சந்து முனையில் அந்த டிரைவிங் ஸ்கூல். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே டியூப்லைட் எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

இந்த வேலை அவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். கணவன் போனபிறகு கால் டாக்சி ஓட்டித்தான் மகளை வளர்த்தாள். நல்ல சவாரியெல்லாம் ராத்திரியில்தான் வரும். எட்டு வயதுப் பெண் பூட்டிய வீட்டில் தனியாகத் தூங்குகிறாள் என்று கேள்விப்பட்ட மாமியார், செய்யாற்றிலிருந்து ஆள் மேல் ஆள் அனுப்பினாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பேத்தியை அழைத்துக்கொண்டு போய்விடுவதாக முடிவே செய்துவிட்டாள். பயிற்சியாளராகத் தேறிவிட்டால் பகல் வேலை. அருள்மொழி தன்னோடு இருப்பாள். தேறாவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

சொல்லிக்கொடுக்கிறவள் ஆக்னஸ். ரேணுகாவின் வயதுதான், அம்பத்தூர்க்காரி, சிரிப்பதற்குக் கூலி கேட்பவளைப் போல முகம். வெள்ளைக் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

பாசி வாடை வந்தது.

கத்திரி வெயில் காலம். மழை பெய்து மாதக்கணக்காகிறது. ஆனால் இடப்பக்கத்துக் கால்மிதி சொதசொதவென்று ஈரமாக இருந்தது. அதற்கு மேலே கூடுதலாகப் பொருத்திய கிளட்சும் பிரேக்கும். ஓட்டக் கற்பவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் மிதிப்பதற்கு. கார் புதிதுதான், அந்தப் பெடல்கள் மட்டும் பழையவை, ஓரமெல்லாம் துரு.

பல வருடம் வண்டி ஓட்டிய கைக்கு அந்த இருக்கை பெரிய தண்டனை. ஆபத்து என்றதும் ரேணுகாவின் கைகள்தான் முதலில் எழுந்தன, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடிக்க. கால் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு நொடி தாமதத்தில் ஆள் போய்விடும் என்று ஆக்னஸ் தினமும் திட்டினாள். வீட்டுக்குப் போயும் பழகச் சொன்னாள்.

ரேணுகா பழகினாள். பூந்தமல்லியில் ஓரறையும் சமையல்கட்டுமாக வாடகை வீடு. பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்துகொள்வாள். அருள்மொழிதான் கார். சமையல்கட்டிலிருந்து உறுமிக்கொண்டு ஓடிவருவாள். அம்மா வலது காலால் தரையை அமுக்கியதும் அப்படியே நின்றுவிட வேண்டும், ஆடக்கூடாது, அசையக்கூடாது. கால் எடுத்த பிறகுதான் நகரலாம். அம்மா தாமதித்தால் மகள் வந்து வயிற்றில் மோதுவாள். அந்தக் கோடையில் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பெல்லாம் அந்த விளையாட்டில் கேட்டதுதான்.

ஆனாலும் வேறொரு காரில் நடந்த முதல் தேர்வில் தோற்றாள். கற்பவரைப் போல ஸ்டியரிங் பிடித்த தேர்வாளர் வேண்டுமென்றே ஒரு தகர டிரம்மை நோக்கி வண்டியை விட்டார். கைகள் எழுந்தன. டிரம் நசுங்கியது. இன்னொரு வாய்ப்பு உண்டு, அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வாரம்தான் நூம்பல் சாலையில் அது நடந்தது.

கௌதம் என்ற கல்லூரிப் பையன் ஓட்டினான். ரேணுகா இடப்பக்கம். ஆக்னஸ் பின்சீட்டில். வானம் கறுத்து, காற்றே இல்லாமல் புழுங்கிய சாயங்காலம். குறுக்கே ஒரு கன்றுக்குட்டி வந்தது. கௌதம் பதறி ஆக்சிலேட்டரை மிதித்தான். ரேணுகாவின் கைகள் எழுந்தன.

கால் இருந்த இடத்தில் இருந்தது.

பெடல் இறங்கியது.

மெதுவாக, நிதானமாக, பழகிய கால் ஒன்று மிதிப்பதுபோல இறங்கியது. கன்றுக்குட்டிக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. கௌதம் அவளுக்கு நன்றி சொன்னான். ரேணுகா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கும் பெடலுக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி இருந்தது.

பையனை இறக்கிவிட்ட பிறகுதான் ஆக்னஸ் வாயைத் திறந்தாள். இந்த ஸ்கூலில் ஒரு வழக்கம் இருந்ததாம். வகுப்பின் கடைசி நாளில், கற்பவருக்குத் தைரியம் வரட்டும் என்று, பயிற்சியாளர் பெடலிலிருந்து காலைத் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொள்வார். இனி வண்டி உன்னுடையது என்று அர்த்தம். சுலோசனா என்றொருத்தி இருந்தாள். அப்படித்தான் ஒரு கடைசி நாளில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஓட்டியவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி சாலையை விட்டு இறங்கி, மழைத்தண்ணீர் நிறைந்த பழைய கல்குட்டைக்குள் போனது. ஓட்டியவர் ஜன்னல் வழியாக நீந்தி வந்துவிட்டார். மடித்த காலைப் பிரிக்க சுலோசனாவுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தக் கார் பழைய இரும்புக்குப் போனது. நல்ல பெடலை ஏன் வீணாக்க வேண்டும் என்று முதலாளி பரந்தாமன் அதை மட்டும் கழற்றி இந்தக் காரில் மாட்டிவிட்டார். அன்று முதல் ஸ்கூலில் ஒரு விபத்துகூட இல்லை என்பதில் அவருக்கு ஏகப் பெருமை.

"அப்ப, பேயா?" என்றாள் ரேணுகா.

"நான் பெடல்னுதான் சொன்னேன்." ஆக்னஸின் குரல் தணிந்தது. "இன்னாமே, நல்லா கேட்டுக்கோ. அது தானா எறங்குச்சின்னா, உன் காலையும் சேர்த்து வெச்சி அமுக்கிடு. அதுவே பாத்துக்கும்னு உட்டுடாத. நீயா ஒருவாட்டி உட்டுக்குடுத்தேன்னா, அதுக்குக் கால் கெடச்சிடும்."

அன்றிரவு ரேணுகாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. பயந்துதான் போனாள், அதிலென்ன வெட்கம். ஆனால் மூலையில் அருள்மொழியின் பை பாதி அடுக்கிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதாக மாமியார் போன் செய்திருந்தாள்.

தேர்வன்று மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. வேலப்பன்சாவடிப் பக்கம் ஆளில்லாத மனைப்பிரிவு ஒன்றின் தார்ச்சாலை. இந்த முறை ஸ்கூலின் வெள்ளைக் கார்தான், தேர்வாளர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ரேணுகா இடப்பக்கம் ஏறினாள். பாசி வாடை இன்று கூடுதலாக இருந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தும் கணுக்கால் வரை குளிர் ஏறியது.

கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓட்டினார். அப்புறம் வேகம் கூடியது. சாலை முடிகிற இடத்தில் செங்கல் சுவர்.

கைகள் எழப் பார்த்தன. தொடைக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

காலைத் தூக்கப் பார்த்தாள். மரத்துப்போயிருந்தது.

சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது.

மூலையில் கிடந்த அந்தப் பைதான் அவள் கண்ணுக்குள் வந்தது. ரேணுகா உதட்டை அசைத்தாள். தேர்வாளருக்குக் கேட்டிருக்காது.

"அக்கா. நீயே அமுக்கிடு."

அவள் பாதத்தின் மேல் இன்னொரு பாதம் வந்து உட்கார்ந்தது.

ஜில்லென்றிருந்தது. ஊறிப்போன தோல். இரண்டாம் விரலில் ஒரு மெட்டி, அவள் விரலில் நறநறவென்று உரசியது. கணவன் போன அன்றே மெட்டியைக் கழற்றி வைத்தவள் ரேணுகா. இரண்டு பாதங்களும் ஒன்றாகப் பெடலில் இறங்கின. வண்டி குலுங்காமல், அலுங்காமல், சுவருக்கு முன்னால் நின்றது.

இவ்வளவு நிதானமான கால் இந்தப் பக்கத்திலேயே கிடையாது என்றார் தேர்வாளர். வெளியே நின்ற ஆக்னஸ் மட்டும் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள். கிட்டே வரவில்லை. ரேணுகா காரிலிருந்து இறங்கியபோது காய்ந்த தாரில் அவளுடைய வலது செருப்பின் அச்சு மட்டும் ஈரமாகப் பதிந்தது.

பூந்தமல்லி போவதற்குள் அவள் அதையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டாள். பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. மாமியாருக்குப் போன் போட்டு, வரவேண்டாம், பகல் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அருள்மொழி பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் துணியையெல்லாம் வெளியே கொட்டினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை உட்கார வைத்தாள். ஒரே ஒரு ஆட்டம் என்றாள்.

உறுமிக்கொண்டு சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தாள். மோதட்டும், வயிற்றோடு கட்டிக்கொள்ளலாம் என்று ரேணுகா கையை விரித்துக் காத்திருந்தாள். காலை அமுக்குவதாகவே இல்லை.

கால் அமுங்கியது.

அருள்மொழி நின்றாள். ஓடுகிற வாக்கில், ஒரு கால் தரையிலும் ஒரு கால் அந்தரத்திலுமாக.

ரேணுகா சிரித்தாள். போதும், வா என்றாள். பெண் வரவில்லை. தூக்கிய கால் ஆடவில்லை. தலைமுடிகூட அசையவில்லை. கண்கள் மட்டும் அம்மாவைப் பார்த்து அகன்றுகொண்டே போயின.

"ம்மா, வர முடியலம்மா."

ரேணுகா காலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துத் தூக்கினாள். தரையோடு ஒட்டிக் கிடந்தது. பாதத்துக்கு அடியிலிருந்து பச்சையாகத் தண்ணீர் கசிந்து மகளை நோக்கி ஓடியது. வீடு முழுக்கப் பாசி வாடை.

அருள்மொழியின் பார்வை மெல்ல இறங்கி, அம்மாவின் பாதத்தில் நின்றது.

"ம்மா," என்றாள், மூச்சு போலச் சன்னமாக. "மெட்டி எப்போ போட்டுகின?"