நாக்குப் பக்கம்

கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் ஒரு விரல் இருந்தது.

இருட்டறையின் சிவப்பு விளக்கடியில், கரைசலின் புளித்த நெடி தொண்டையைக் கரிக்க, ஈரம் சொட்டும் அந்தச் சின்ன எக்ஸ்ரே ஃபிலிமை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொத்தை கறுப்பாகவும் பல் வெளுப்பாகவும், எப்போதும் போலத்தான் விழுந்திருந்தது. அதன் அருகே, தொண்டைப் பக்கமிருந்து நீண்டு வந்த இரண்டு எலும்புத் துண்டுகள்.

அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மருத்துவர் கிளம்பிவிட்டார். நாளைக் காலையில் பல்லைப் பிடுங்குவதற்கு முன் தெளிவான படம் வேண்டும் என்று சொல்லியிருந்தார். வெளியே மழை. நாற்காலியில் அவள் தங்கை மட்டும்.

"ஏய் வாயாடி, விரலை வாயில வச்சியா?"

"நீதானே ரெண்டு கையையும் இந்த ஈய ஏப்ரனுக்குள்ள பூட்டி வச்ச! மூக்கு அரிச்சாக்கூடச் சொறிய முடியல."

அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பெண். பல்வலியிலும் வாய் ஓயவில்லை.

அவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். எலும்பின் அடியில் மெல்லிய கறுப்புக் கோடு. இன்னும் வளர்ந்து முடியாத எலும்பில்தான் அது இருக்கும். தங்கைக்கு வயது இருபத்திரண்டு. இது ஒரு குழந்தையின் விரல்.

கண்ணாடியை வாய்க்குள் விட்டு விளக்கடித்துத் தேடினாள். ஈறு, நாக்கு, அழுகிய பல். வேறொன்றும் இல்லை.

"என்ன தொலைச்ச, சாவியா?" என்றாள் தங்கை.

படம் ஆழத்தைக் காட்டாது. எக்ஸ்ரே குழாய்க்கும் ஃபிலிமுக்கும் நடுவே எது வந்தாலும் ஒரே தாளில் நசுங்கி விழும். அதனால் குழாயைக் கொஞ்சம் முன்பக்கம் நகர்த்தி இன்னொரு படம் எடுப்பார்கள். பல்லுக்கு வெளியே, கன்னப் பக்கம் இருக்கும் பொருள் படத்தில் பின்னால் தள்ளிப் போகும். உள்ளே, நாக்குப் பக்கம் இருந்தால் குழாயோடு சேர்ந்து முன்னால் வரும். படித்தபோது மனப்பாடம் செய்த விதி.

வெளியேதான் இருக்க வேண்டும். குழாயில் ஏதோ கோளாறு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

குழாயை நகர்த்தினாள். ஈயக் கண்ணாடி பதித்த தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, அடுத்ததற்காகப் புது ஃபிலிமைப் பிடிப்பானில் மாட்டித் தங்கையின் வாயில் வைத்தாள். எது முன்பக்கம் என்று காட்டும் ஃபிலிமின் புடைப்புப் புள்ளி குழாயைப் பார்த்து இருக்க வேண்டும். இருந்தது.

"கடிச்சுக்கிட்டே இரு. அசையாத. இதோ வந்துடறேன்."

தங்கை கண்ணை உருட்டினாள். வாய் அடைபட்டதும்தான் அறை எவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது. மழை. தொட்டியில் நீர் சொட்டும் சத்தம். அவளுடைய சொந்த மூச்சு.

இருட்டறையில், இரண்டாவது படம் கரைசலில் மெல்லத் தெளிந்தது. பல் அதே பல்.

விரல் முன்னால் வந்திருந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று.

உள்ளே.

 படம் கை நழுவித் தொட்டியில் விழுந்தது.

"அக்கா, படம் பிடிச்சாச்சா?"

தெளிவான குரல். தங்கையின் குரலேதான். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழுந்தது.

பிடிப்பானைக் கடித்துக்கொண்டு யாராலும் அப்படிப் பேச முடியாது.

இருட்டறையை விட்டு ஈயக் கண்ணாடியருகே வந்தாள். பார்த்தாள்.

தங்கை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கைகள் ஏப்ரனுக்குள். பற்கள் பிடிப்பானை இறுக்கிக் கடித்திருந்தன. கன்னத்தில் கண்ணீர். கண்கள் கண்ணாடியையே பார்த்தன. தலையை மட்டும், மிக மெதுவாக, இல்லை இல்லை என்று ஆட்டினாள்.

உதடுகள் பிரிந்தன. தங்கை பிரிக்கவில்லை.

ஈரமான மூன்று சின்ன விரல்கள் ஃபிலிமைப் பிடித்து வெளியே நீட்டின.

புடைப்புப் புள்ளி அக்காவைப் பார்த்தபடி. சரியாக.