வடக்குக் கதவால் போனவர்

"இந்த வடக்குக் கதவை ஏன் எப்பவும் பூட்டி வைக்கிறம் தெரியுமோ, விதுஷா?"

நியூ ஜெர்சிக்கு அவள் வந்த புதிதில், தேவாலயத்தின் சாவிக்கொத்தை வைத்திருக்கும் றெஜினா அன்டி கேட்டது. இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள், தங்கள் கிராமத்துத் தேவாலயத்தை நினைவில் வைத்தே கல்லுக்குக் கல் கட்டியது அது. இப்போது ஞாயிறு பின்னேரங்களில் தமிழ்ச் சபை கூடுகிறது. ஞானஸ்நானத்தின்போது மட்டும் அந்தக் குட்டைக் கதவைத் திறப்பார்களாம். குழந்தையிடமிருந்து கெட்டது வெளியே போக.

"ஹீட்டிங் வெளியே போகத்தான்," என்று அவள் கணவன் பிரணவன் சிரித்தான்.

இன்று அவர்கள் மகன் ஆர்யனின் முறை. உருகிய மெழுகும் ஈரக் கம்பளமும் மணந்த அந்த மங்கலில், தலையில் தண்ணீர் பட்டு வீறிட்ட குழந்தை சட்டென்று அடங்க, கதவின் பிணைச்சல் நீளமாக முனக, கிண்டிய மண்ணின் வாடையோடு பழுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் அவள் சேலையை உரசிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். கூனல் முதுகு மட்டும் தெரிந்தது. சபையில் யாரோ அங்கிள். பழகிய வாய் சொல்லிவிட்டது.

"போயிட்டு வாங்கோ."

அவர் நின்றார். சரி என்பதுபோலத் தலையை லேசாகச் சாய்த்தார். போனார்.

சாவிக்கொத்தோடு நின்ற றெஜினா அன்டி திரும்பிப் பார்த்தார். "ஆருக்குச் சொன்னனீ?"

"அந்த அங்கிளுக்கு."

"எந்த அங்கிள்?"

வெளியே கல்லறைகளுக்கு நடுவே பனி. ஒரு கால்தடம்கூட இல்லை.

"ஐயோ பிள்ளை, வரச் சொல்லிப்போட்டியே."

மறுநாள் மத்தியானம். பிரணவன் வேலைக்குப் போய்விட்டான். நேற்றிலிருந்து ஆர்யன் அழவேயில்லை, பாலுக்குக்கூட. ஹீட்டரின் இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒரு கதவு நீளமாக முனகியது. பிறகு அந்த வாடை. கிண்டிய மண்.

அவள் போன் பண்ணியதும் றெஜினா அன்டி வேதாகமத்தோடு வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே வந்தவர் கீழே பார்த்தார்.

கார்ப்பெட்டில் சேறு. கால்தடங்கள். பின்கதவிலிருந்து தொட்டில் வரை.

திரும்பிப் போன தடம் இல்லை.

ஆர்யன் விழித்திருந்தான். இன்னும் கழுத்து நிற்காத குழந்தை. அன்டியைப் பார்த்தான். தலையைத் தூக்கினான். லேசாகச் சாய்த்தான்.

சரி என்பதுபோல.

அன்டி முதுகைக் காட்டாமலே பின்னுக்கு நடந்தார்.

"அன்டி, திரும்பி வருவீங்கள்தானே?"

சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு பனியில் இறங்கி, போயிட்டு வாறன் என்று சொல்லாமலே போனார்.