இரண்டாம் பிள்ளைக்கு வைத்த சேலை

"ரெண்டு சேலை துவைச்சு வச்சேன். கூடையில ஒண்ணுதானே இருக்கு?"

அஞ்சலையின் குரல் விடியும்போதே மலாக்காவின் காஜா பெராங் பகுதியிலிருந்த அந்த வீட்டை உலுக்கியது. அடுப்படியில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்த சிவகாமசுந்தரி திரும்பவில்லை.

அஞ்சலை அவளுடைய நாத்தனார். தாயில்லாத தம்பி ஏகாம்பரத்தை வளர்த்து ஆளாக்கியவள். சின்ன வயதிலேயே தாலியறுத்து, மடியில் ஒரு பிள்ளையைப் போடாமலே நாற்பதைத் தாண்டியவள். சுந்தரியின் வயிறு ஏழாம் மாதத்திலேயே நிறைமாதமாய்ப் பெருத்தபோது, இரட்டைப் பிள்ளைதான் என்று தெருவே சொன்னது. வளைகாப்பு அன்று எல்லோர் முன்னாலும் ஏகாம்பரம், "ஒண்ணு எங்க அக்காவுக்கு!" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே அஞ்சலை, தான் கல்யாணமான புதிதில் கட்டிய சிவப்புச் சேலையையும் பச்சைச் சேலையையும் எடுத்து, பிள்ளைகளைச் சுற்றுவதற்காகத் துவைத்துத் துவைத்துப் பஞ்சாக்கினாள்.

இன்று ஆஸ்பத்திரிக்கென்று சுந்தரி கட்டிவைத்த கூடையில் சிவப்பு மட்டும் இருந்தது; பச்சை அலமாரியிலேயே கிடந்தது.

"குடுக்க மனசில்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு! புடுங்கிக்கிட்டா போயிடுவேன்?"

"அப்படியில்ல, அண்ணி..."

"பின்ன எப்படி? வீட்டுக்கு வர்ற மருத்துவச்சி வேணாம், ஆஸ்பத்திரிதான் வேணும்னே. வயித்துப் புள்ளையப் படம் புடிச்சா ஆயுசு கொறையும்னு அடிச்சிக்கிட்டேன், கேட்டியா? அங்கேர்ந்தே ரெண்டையும் உங்கம்மா வீட்டுக்குக் கடத்திடலாம்னு பாக்குறே!"

சுந்தரியின் கண்கள் நிறைந்தன. கோப்பியை ஆற்றி அண்ணி பக்கம் நகர்த்தி வைத்தாள்.

என்ன சொல்வாள்? போன வாரம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் கருணாகரன் காட்டியது ஒரே பிள்ளையை. வயிறு பெருத்தது பனிக்குடத்துத் தண்ணீரால். அந்தச் சின்ன நெஞ்சுக்குள், எலும்பைப் போல வெளுத்து ஒரு நிழல்...

"கட்டிம்மா. பொறக்கறதுக்கு முன்னாலேயே கண்ணுல படறது ரொம்ப அபூர்வம். பொறந்ததும் மூச்சு முட்டும். உடனே சிங்கப்பூர் கொண்டுபோயி அறுத்து எடுத்தா, பொழைக்க வழி இருக்கு."

டாக்டர் அறையைவிட்டு வெளியே வந்ததும் அவள் கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணிகிட்ட இப்போ சொல்லாதீங்க. அந்தச் சேலைங்கள மடியில வச்சிக்கிட்டுச் சிரிக்கிறாங்க... அவங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல. பொறக்கற வரைக்கும் நானே சுமக்கிறேன்."

சுமந்தாள். வயிற்றில் ஒன்று, மனதில் ஒன்று. இத்தனை ஏச்சுக்கும் ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லையே... எப்படிப்பட்ட மனசு அது!

அன்று மாலையே வலி கண்டது. அஞ்சலையும் வந்தாள், பச்சைச் சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்டது. பூனைக்குட்டி கத்துவதுபோல் மெல்லிசாய்... பிறகு சத்தமில்லை.

"இன்னொண்ணு எங்கடா, தம்பி?"

ஏகாம்பரம் உடைந்துபோனான். "இன்னொண்ணு இல்லக்கா! எப்பவுமே இல்ல. நீ அழக்கூடாதுன்னு அவதான் சொல்ல விடல..." என்று எல்லாவற்றையும் கொட்டினான்.

அஞ்சலை தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி நானே... காலையில அந்தப் பொண்ண என்ன பேச்சுப் பேசிட்டேன்!"

முன்பே தெரிந்ததால் சிங்கப்பூர் போக ஆஸ்பத்திரி வண்டி தயாராய் நின்றது. "புள்ளைய நிமித்திப் புடிச்சிக்கிட்டே வர, கூட ஒரு பொம்பள வேணும்," என்றாள் வண்டியில் கூடப் போகவிருந்த நர்ஸ் மிஸி. சுந்தரியால் எழ முடியவில்லை. சிவப்புச் சேலைக்குள் நீலம் பாரித்த உதடுகளை ஒரு முறை தடவினாள்.

"அண்ணி, நீங்க கொண்டு போங்க."

"என்னையா நம்புறே? நான் பேசுன பேச்சுக்கு..."

"இவரை வளத்த கை, அண்ணி. வேற யார் கையில குடுப்பேன்?"

அஞ்சலை சிவப்புக்கு மேலே பச்சையைச் சுற்றி வாங்கிக்கொண்டாள். வழியில் மூவாரிலும் பத்து பகாட்டிலும் ஆற்றைக் கடக்க ஃபெரிக்குக் காத்திருந்தபோதெல்லாம், கை மரத்துப்போயும் அவள் பிடியை மாற்றவில்லை என்று பிறகு மிஸி சொல்லி வியந்தாள்.

பல வாரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது, மலாயாவின் சுதந்திரத்துக்காக ஜாலான் பெண்டஹாரா தெருவெங்கும் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்சியிலிருந்து இறங்கியவள் நேரே போய்க் குழந்தையைச் சுந்தரியின் மடியில் வைத்தாள். நெஞ்சில் நீளமாய்த் தையல் தழும்பு. ஆனால் உதடுகள் சிவந்திருந்தன.

"உம் மக, உங்கிட்ட சேத்துட்டேன். இனி நான் எதையும் கேக்கமாட்டேம்மா..." என்று பச்சைச் சேலையை மடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

சுந்தரி அந்தச் சேலையின் முந்தானையைப் பிடித்தாள்.

"அத எங்க கொண்டு போறீங்க? சிவப்ப உள்ள வச்சு, பச்சைய வெளிய வச்சுத் தூளி கட்டுங்க. ஒத்தச் சேலை தாங்காது, அண்ணி. உங்க கட்டிலோரமா கட்டுங்க. பாலுக்கு மட்டும் என்னைய எழுப்புங்க."

அஞ்சலை அப்படியே அவளைக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் நசுங்கிய குழந்தை வீறிட்டது. ஏகாம்பரம் பதறி ஓடிவந்தான்.

"விடுடா... அழட்டும்!" என்றாள் அஞ்சலை, கண்ணீரும் சிரிப்புமாய். "எவ்வளவு சத்தமா அழறா, பாரு!"