கழுவத் தேவையில்லை

ஒரு கவர் மட்டும் உப்பியிருந்தது.

குளிர் அறையின் தட்டுகளில் மற்ற கீரைக் கவர்களெல்லாம் சப்பையாகப் படுத்துக்கிடக்க, அது மட்டும் பந்தி பந்தியாய் உட்கார்ந்து தின்றவன் வயிறுபோல விம்மிக்கொண்டு, உள்ளே இலைகள் கறுத்து, மூலையில் கொழகொழவென்று நீர் கோத்து நின்றது. வாந்தி பேதி என்று ஊரே ஆஸ்பத்திரியில் கிடக்க, கடைகளிலிருந்து கீரை பாக்கெட் போடும் கம்பெனிக்கே திரும்பி வந்த சரக்கு அது. அத்தனையையும் அங்கே வேலை பார்க்கும் அவள் கிழித்துப் பீப்பாயில் கொட்ட வேண்டும்.

"ஒண்ணுகூட வெளிய போகக்கூடாதும்மா. பூட்டிக்கிறேன், முடிச்சிட்டுத் தட்டு," என்றார் சூப்பர்வைசர். "குளிருதுன்னு கீரைக்குப் போர்வை போத்திட்டு நிக்காதே."

"கழுவுற தண்ணிய அன்னைக்கே மாத்தியிருந்தா இந்தக் கூத்தே இல்ல சார்."

"தண்ணிய மாத்த கீரை ஓடுற பெல்ட்டை நிறுத்தணும். பெல்ட் நின்னா முதலாளி என்னை நிறுத்திடுவாரு."

தாழ்ப்பாள் விழுந்தது.

அழுக்குத் தண்ணீரிலேயே இன்னும் கொஞ்சம் கிருமி கொல்லும் மருந்துப் பொடி தூவி அடுத்த மூட்டையையும் முக்கியெடுப்பதுதான் அங்கே வழக்கம். எடை குறைந்த கவர்களை வேலையாட்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அவளும் கொண்டுபோவாள், ஆனால் நாலு தடவை அலசாமல் மகள் தட்டில் வைக்கமாட்டாள்.

பையில் போன் அதிர்ந்தது. கணவர்.

"காலையில வயித்துவலின்னாளே பாப்பா... இப்போ ரத்தமா போகுது. உடம்பு கொதிக்குது."

"என்னங்க குடுத்தீங்க?"

"நீ கொண்டுவந்த கீரைதான், ரெண்டு நாளா. கவர்லயே போட்டிருக்கே, கழுவத் தேவையில்லைன்னு."

அவள் கதவுக்கு ஓடினாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

"ஆட்டோவுலதான் போறோம். இரு, அவ காதுல வைக்கிறேன். பேசு."

பேசிக்கொண்டே கதவை இடித்தாள். விசிறி மோட்டாரின் இரைச்சல் அவள் தட்டலை விழுங்கியது. யாரும் வரவில்லை. காதில் மகளின் மூச்சு மட்டும். இழுத்து, தயங்கி, மெல்ல விட்டு, மறுபடி இழுத்து.

முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் சரசரத்தது.

திரும்பினாள்.

எல்லாக் கவர்களும் உப்பியிருந்தன. மகள் மூச்சை விட்டாள். கவர்கள் தாழ்ந்தன. இழுத்தாள். எழுந்தன. தட்டுத் தட்டாக, ஒரே சீராக.

"பாப்பா, அம்மா வந்துட்டேன்டா. கண்ண மூடாதே."

போன் அணைந்தது.

கவர்கள் நிற்கவில்லை. ஏறின. இறங்கின.

பிறகு கடைசி வரிசை இறங்கியது. எழவில்லை. அதற்கு முந்தின வரிசை. அதற்கும் முந்தினது. சரசரப்பு அவளை நோக்கி நகர்ந்து வந்தது. குறைந்துகொண்டே வந்தது.

"சார்! கதவைத் திறங்க சார்!"

ஒரே ஒரு கவர் மிச்சம். பாய்ந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். உறைந்த அறையில் அது மட்டும் சூடாக இருந்தது. காய்ச்சல் சூடு.

மெல்ல எழுந்தது.

தயங்கியது.